நின்றுபோன மீட்டர்கள்

காணாததைக் கண்டதாகச் சொல்லாமையே வாய்மையின் கடினமான பகுதி. பொய் பேசாதவர் பலர் உளர். ஆயினும், "இவ்வளவுதான் இருக்கும்" என்று ஊகித்த ஒன்றை "இவ்வளவு இருந்தது" என்று எழுதிவிடாதவர் மிகச் சிலர். இறைவன் அந்தக் கடினத்தை ஒரு மனிதரின் தலையில் வைத்து, அவர் சட்டைப்பையில் ஒரு பேனாவையும் கையில் ஒரு டார்ச் விளக்கையும் தந்து, முப்பத்தோராண்டுகள் பிறர் வீட்டுப் படிகளில் ஏற்றி இறக்கினான். அவர் மின்சார அலுவலகத்தில் வீடுவீடாகச் சென்று மீட்டர் பார்த்து எழுதுபவர். மனைவியையும் மகனையும் தவிர எல்லாரும் அவரை "மீட்டர்காரர்" என்றே அழைத்தனர். பணி ஓய்ந்த பின்னும் அப்பெயர் ஓயவில்லை.

கட்டவிழ்த்த நாய் வாசலில் நின்றால், உடன் பணிபுரிவோர் சென்ற மாதத்து எண்ணோடு சிறிது கூட்டி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வர். இவரோ நாயும் தாமுமாக அரைமணி நேரம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பார். கதவு திறக்கவே இல்லையென்றால் "பார்க்கவில்லை" என்று எழுதுவார். மேலதிகாரி வாய்க்கு வந்தபடி வைதாலும் அச்சொல்லை அடிக்கமாட்டார். அந்நகரின் பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படித்திருப்பத்திலும் நான்கு மீட்டர்கள் சுவரில் வரிசையாக இருக்கும். அவற்றுக்காக அவர் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேகத்தைத் தொட்டிருக்கலாம். எந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த மீட்டரின் கண்ணாடியில் கீறல் உண்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

பிறகு, தம் எண்ணைத் தாமே அலுவலகத்துக்கு அனுப்பிவிடும் புதிய மீட்டர்கள் வந்தன. ஐம்பத்தைந்தாம் வயதில் அவரை ஒரு சுழல்நாற்காலியில் அமர்த்திச் சுவரைப் பார்க்க வைத்தனர். அங்கே ஆறாண்டுகள் கழிந்தன. வயிறு முன்னே வந்தது, மூச்சு பின்தங்கியது. முதலில் பெயர்கள் நழுவின. பிறகு வந்த காரியம் நழுவியது. சமையலறைக்குள் விரைந்து போய், எதற்கு வந்தோம் என்று அடுப்பையே கேட்பவர்போல் நிற்பார். வயதானால் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று வீட்டார் சிரித்தனர். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நீல மூடியோடு நின்றது.

அவர் மனைவிக்குக் கண்ணில் நீரழுத்தம். மூன்று சொட்டுமருந்துகள்: வெள்ளை மூடி காலையும் மாலையும், மஞ்சள் மூடி காலையில் மட்டும், நீல மூடி மாலையில் ஒரே ஒருமுறை. மூட்டுவாதத்தால் அவ்வம்மையாரின் விரல்கள் வளைந்துவிட்டன. குப்பியைப் பிடித்து அழுத்த வராது. ஆகவே சொட்டு விடுவது கணவரின் பொறுப்பு. ஓய்வுபெற்ற மறு ஆண்டில், தொடர்ந்து ஒன்பது நாள் நீல மூடியை அவர் திறக்கவேயில்லை. சொட்டு விட்டாயிற்று என்றே நம்பியிருந்தார். கண் மருத்துவர் அழுத்தத்தை அளந்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் இப்படிப் போயிருந்தா இடது கண்ணை மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

மகன் இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய தொலைவில், எட்டாம் மாடியில் குடியிருந்தான். அன்றே மூன்று குப்பிகளையும் ஒரு டப்பாவில் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, மாலையில் திரும்பும்போது ஒருமுறை வந்து தானே மருந்து விடுவதென்று ஏற்பாடு.

"ஆறு மாசம் பாக்கறேன்பா. அதுக்கு மேல என் உடம்பு தாங்காது. அப்புறம் இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்துடுங்க."

"உங்க வீட்டு பால்கனில நின்னா எனக்குத் தல சுத்தும்டா" என்றார் தாய்.

"கண்ணு இருந்தாத்தானேம்மா சுத்தறது தெரியும்?"

சொன்னவனுக்கே சொல் சுட்டது. ஆயினும் அவன் அதைத் திரும்பப் பெறவில்லை. மீட்டர்காரருக்கு அக்கணம் முதல் உலகில் ஒரே வேண்டுதல் மிஞ்சியது: ஆறு திங்களுக்குள் அந்த மூன்று குப்பிகளும் தம் கைக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல், மணமாகி வந்த நாள்முதல் அவள் கண்ணை மூடிக்கொண்டே நடமாடத் தெரிந்துகொண்ட அந்த வீடு போய்விடும்.

நினைவுக்கான மருத்துவர் ஒரு பெண்மணி. குட்டையானவர், வேகமாகப் பேசுபவர். முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். மீட்டர்காரருக்கு இரண்டுதான் வந்தன. மொத்தம் இருபத்திரண்டு.

"இது நோய்னு இப்பச் சொல்லமாட்டேன். ஆனா கவனிக்கணும். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் எல்லை தாண்டுது. தினம் அரைமணி வேகமா நடங்க."

"மறதிக்கு நடையா? நான் வேணும்னா குறுக்கெழுத்துப் போடறேன், வாய்ப்பாடு ஒப்பிக்கிறேன். உட்கார்ந்தே செஞ்சுடலாமே, டாக்டர்?"

"உட்கார்ந்து உட்கார்ந்துதான் இங்க வந்து நிக்கிறீங்க. வேகமா நடந்தா மூளைக்கு ரத்தம் நல்லாப் போகும். புதுசாக் கேக்கறத பதிஞ்சு வைக்கிற இடம் வயசானா கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கும்; உடம்பை அசைச்சா அந்தச் சுருக்கம் மெதுவாகலாம். உத்தரவாதம் கிடையாது. ஆனா என்கிட்ட இருக்கறதுல நல்லது இதுதான்."

"முப்பத்தோரு வருஷம் படி ஏறினேனே, அதெல்லாம் எங்க போச்சு?"

"போன வருஷம் குளிச்சது இந்த வருஷத்துக்கு ஆகுமா? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு."

"எனக்கு உட்கார்ந்தாலே பாட வராது."

மருத்துவர் சிரிக்காமல் ஒரு சிறு நோட்டை நீட்டினார். நாள்தோறும் மூச்சு வாங்க நடந்த நிமிடங்களை அதில் எழுத வேண்டும். ஆறு திங்கள் கழித்து மீண்டும் தேர்வு.

மறுநாளே பூங்காவுக்குப் போனார். அங்கே மனிதர் வட்டமாக நடந்துகொண்டிருந்தனர். ஒரு சுற்று நடந்ததும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். அது அவருக்கு அவமானமாகப் பட்டது. எந்த வாசலையும் சென்றடையாத நடையை அவர் கால்கள் அறியா. இரண்டாம் சுற்றில் பாதியிலேயே நின்றுவிட்டன. தெருவில் நடந்து பார்த்தார். அதில் வேறொரு தொல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கால் தானே நின்றது. கழுத்து தானே நீண்டது. கண் தானே சுவரில் பெட்டியைத் தேடியது. நான்காம் நாள் ஒரு வீட்டுக்காரர் கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தார்.

"யாருய்யா நீ? மூணு நாளா எட்டி எட்டிப் பாக்கற?"

"மீட்டர் எங்க இருக்குன்னு பாத்தேன்."

"அதைக் கழட்டி ஏழு வருஷமாச்சு. எந்தக் காலத்துலேர்ந்து நடந்து வர்ற?"

திருடன் என்ற பெயரோடு வீடு திரும்பியவர் நோட்டைத் திறந்தார். "நாற்பது நிமிடம் வெளியே இருந்தேன். வாசலுக்கு வாசல் நின்றேன். மூச்சு வாங்கவில்லை. பூஜ்யம்" என்று எழுதினார். முதல் திங்கள் முழுவதும் பூஜ்யங்களே நிறைந்தன. மகன் ஒருநாள் மாலை, தாயின் கண்ணில் நீல மூடியைச் சொட்டிவிட்டு, நோட்டைப் புரட்டினான்.

"என்னப்பா இது, முட்டைக் கடை மாதிரி இருக்கு? அந்த டாக்டர் என்ன வந்து நின்னா பாக்கப்போறாங்க? முப்பதுன்னு எழுதி வைங்க."

"நடக்கலையேடா."

"அப்ப நடங்க!"

"நடக்க வரலையேடா!"

"ரெண்டும் வராதுன்னா நான் என்னதான்பா பண்றது? காலைல அங்கேர்ந்து ஓடி வரேன், சாயங்காலம் இங்கேர்ந்து ஓடறேன். இந்த வீட்ல எக்ஸர்சைஸ் பண்றது நான் ஒருத்தன்தான்!"

அவன் போன பின் அம்மையார் கட்டிலின் ஓரத்தில் கண்ணை மூடியபடி அமர்ந்திருந்தார். மருந்து கரையும்வரை பேசக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். வெறுங்கையோட நாலு எட்டு வைக்க மாட்டீங்களா? நடக்கறதுக்கும் உங்களுக்குச் சுவத்துல ஒரு மீட்டர் தொங்கணுமா?"

ஏளனமாகத்தான் சொன்னார். கேட்டவரோ எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டு தெரு தள்ளி, ஏழு மாடிப் பழைய கட்டடம் ஒன்று இருந்தது. புது மீட்டர்களைத் தரைத்தளத்தில் ஓர் அறையில் வைத்துவிட்டு, படித்திருப்பங்களில் இருந்த பழையவற்றைக் கழற்றச் சோம்பி அப்படியே விட்டிருந்தனர். மறுநாட் காலை மீட்டர்காரர் டார்ச்சோடும் நோட்டோடும் அங்கே போய் நின்றார். காவலாளி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"யார் வீட்டுக்குங்க?"

"யார் வீட்டுக்கும் இல்ல. மீட்டர் பாக்க."

"அது செத்து ஏழு வருஷமாச்சுங்க."

"செத்தாலும் நம்பர் இருக்குமில்ல?"

"இருக்கும். பாத்து?"

"எழுதுவேன்."

"எழுதி?"

"இறங்கி வருவேன். திரும்ப ஏறுவேன்."

காவலாளி இப்போது எழுந்தார், குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, வீட்ல யாருக்காவது போன் பண்ணட்டுங்களா?"

விளக்கிச் சொல்லக் கால்மணி நேரம் ஆயிற்று. சொல்லி முடித்தபோது காவலாளி, "என் மாமனாருக்கும் இப்பிடித்தான் மறதி. அவரையும் இழுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வழிவிட்டார்.

முதல் நாள் மூன்றாம் மாடியோடு முழங்கால் கைவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நாய்க்குட்டிபோல் மூச்சிரைத்தார். அங்கிருந்த நான்காவது மீட்டரின் கண்ணாடியில் கீறல் இருந்தது. அக்கீறலை அவர் அறிவார். பேனாவை எடுத்து அந்த எண்ணை எழுதினார், கீழே, "ஒன்பது நிமிடம். மூச்சு வாங்கியது" என்று எழுதினார். நோட்டில் விழுந்த முதல் எண் அதுவே.

இதற்குப் பின் எல்லாம் நேராகிவிட்டதென்று எழுதினால், அவருடைய அறத்துக்கு நான் இழுக்குச் செய்தவனாவேன். முழங்கால் வீங்கிற்று, ஒரு வாரம் வீணாயிற்று. மருத்துவர் ஏறும் வேகத்தைக் குறைத்துத் தொடைக்குச் சில பயிற்சிகளைக் கற்பித்தார். சமதளத்திலும் நடக்கச் சொன்னார். அதனால் வீட்டிலிருந்து அக்கட்டடத்துக்குச் சுற்றுவழியாகப் போகத் தொடங்கினார். போகுமிடம் ஒன்று இருந்ததால் கால்கள் மறுக்கவில்லை. இரண்டாம் திங்களில் ஐந்து மாடி; மூன்றாம் திங்களில் ஏழு. இருபத்தெட்டு மீட்டர்கள். எண்கள் மாறாதவை ஆதலால் சில வாரங்களில் மனப்பாடமாயின. ஆயினும், ஏறிக் கண்டபின்னரே எழுதினார். ஆறாம் மாடியில் முதலாவது எண் ஒருநாள் மனத்துக்கு எட்டவில்லை. படியிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "நேத்து வந்துச்சே! நேத்து வந்துச்சே!" என்று அவர் கத்தியதைக் கேட்டு ஒரு வீட்டுக் கதவு திறந்து உடனே மூடிக்கொண்டது.

இவ்வளவு வியர்வைக்கும் பலன் எங்கே என்பதே அவர் எரிச்சல். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவது நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பெயர் திரும்பவில்லை. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது. அதை அவர் பலனென்று ஏற்கவில்லை.

நான்காம் திங்கள் மகன் வெள்ளை மூடிக் குப்பியின் மாலைச் சொட்டை மட்டும் சோதனையாகத் தந்தையிடம் விட்டான். அருகே தான் நின்று பார்ப்பதில்லை என்றும், தாயிடம் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னான். மீட்டர்காரர் அதே நோட்டின் பின்பக்கத்தில் அதற்கொரு பகுதி தொடங்கினார். சொட்டு கண்ணுக்குள் விழுவதைக் கண்ணாற் கண்ட பின்பே நேரத்தைக் குறிப்பது வழக்கமாயிற்று.

ஐந்தாம் திங்கள் ஒரு காலை, முதல் படித்திருப்பத்தில் மீட்டர்கள் இல்லை. வெளிறிய நான்கு சதுரங்களும் திருகாணி போன துளைகளும் மட்டும் சுவரில் இருந்தன. மேலே எங்கோ கழற்றும் ஓசை கேட்டது. வெள்ளையடிக்கப் போகிறார்களாம்.

"ஏழு வருஷம் சும்மா இருந்தவங்களுக்கு இப்பத்தான் கை அரிச்சுதா?" என்று காவலாளியிடம் பாய்ந்தார்.

"என்கிட்ட ஏங்க கத்தறீங்க? நானா கழட்டினேன்?"

நான்கு நாள் வீட்டைவிட்டு அசையவில்லை. நோட்டில் நான்கு பூஜ்யங்கள். ஐந்தாம் நாள் அம்மையார் அவர் செருப்பைக் காலால் துழாவித் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே போட்டார்.

"போங்க."

"போய் எதைப் பாக்க?"

"மீட்டர் இல்லைங்கறதைப் பாத்து எழுதுங்க. கண்டதைத்தானே எழுதுவீங்க? சுவரு கண்ணுக்குத் தெரியுதில்ல? எனக்குத்தான் அதுவும் பாதி தெரியல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஏழு மாடியும் ஏறி, படித்திருப்பம்தோறும் "மீட்டர் இல்லை" என்று எழுதினார். ஒவ்வொரு முறை எழுதும்போதும் பல்லைக் கடித்தார். வெள்ளையடித்துச் சதுரங்களும் மறைந்த பிறகும் நாள்தோறும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

ஆறு திங்கள் முடிந்தது. மகனும் தாயும் இருபுறமும் அமர்ந்திருக்க, மருத்துவர் அதே தேர்வை வேறு சொற்களோடு நடத்தினார். ஐந்தில் மூன்று வந்தன. எனினும், கடிகாரம் வரைந்துகாட்டும் கேள்வியில் ஒரு மதிப்பெண் போயிற்று. மொத்தம் இருபத்திரண்டு.

மீட்டர்காரர் அந்த எண்ணையே வெறித்தார். "ஆறு மாசம் கழிச்சு அதே ரீடிங்னா மீட்டர் நின்னுபோச்சுன்னு அர்த்தம், டாக்டர்."

"குறையலைன்னும் அர்த்தம். ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கு, சர்க்கரை இறங்கியிருக்கு, நடை திடமாயிருக்கு."

"ஏறாம இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்? இருபதா? பதினெட்டா?"

"தெரியாது."

"ஒரு உத்தேசமாவது…"

"நான் பாக்காததை எழுத மாட்டேன்" என்றார் மருத்துவர்.

மீட்டர்காரர் தம் வாழ்நாளெல்லாம் பிறர் தம்மிடம் பட்ட எரிச்சலைத் தாமே ஒருமுறை பட்டுப் பார்த்தார். அது நியாயமானதாகவே இருந்தது. ஆயினும் தாங்கமுடியாததாகவும் இருந்தது.

வீடு திரும்பியதும் மகன் நேராக விஷயத்துக்கு வந்தான். "மார்க் ஏறலை. நான் சொன்ன தேதி வந்தாச்சு. என்னாலயும் ஓட முடியலம்மா."

"அந்த நோட்டைப் பின்பக்கம் திருப்பிப் படி" என்றார் தாய். "சத்தமாப் படி. எனக்குக் கண்ணு பத்தாது."

அவன் படித்தான். நேரங்கள் வரிசையாக இருந்தன. நடுவே சில வரிகள் வேறாயிருந்தன. "மறந்தேன். ஏழேகாலுக்கு நினைவு வந்தது. விட்டேன்." "முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. மறுபடி விட்டேன்." "இன்று முழுதும் மறந்தேன். அவளும் உறங்கிவிட்டாள். விடவில்லை."

"இது எனக்குத் தெரியாதேம்மா! நீயும் சொல்லலையே?"

"தூக்கத்துலயே விட்டிருப்பார்னு நினைச்சேன், எனக்கே தெரியாது. எழுதலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது." அம்மையார் வளைந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசத்துல ஒருநாள் விட்டுப்போச்சு. அன்னிக்கு ஒன்பது நாள் விட்டுப்போனதே, அப்போ இவர் எழுதலை, சொட்டு போட்டாச்சுன்னு நம்பினார். எனக்கு மறக்காத ஆளு வேண்டாம்டா. அது இனிமே கிடைக்காது. மறந்ததை மறைக்காத ஆளு போதும். நீ வாரத்துக்கு ஒருநாள் வந்து நோட்டைப் பாரு. ரெண்டு நாள் விட்டுப்போயிருந்தா அன்னிக்கே பெட்டியைக் கட்டறேன், எட்டாவது மாடியா இருந்தாலும் வரேன்."

மகன் அந்த ஏட்டை மூடினான். அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, களைப்பே இருந்தது. பையைத் திறந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான். வெள்ளை, மஞ்சள், நீலம்.

"படி ஏறறதை நிறுத்தினீங்கன்னா இது திரும்ப என் பைக்கு வந்துடும், அப்பா."

"ஏறாம? ஆறு மாசமா ஏறி அப்படியே நிக்கிறேன். நிறுத்தினா எங்க போய் விழுவேனோ!" என்று அவர் சலித்துக்கொண்டார்.

அன்று மாலை நீல மூடியைத் திறந்தார். முதற்சொட்டு இமைமேல் விழுந்தது. "சீ!" என்றார். இரண்டாவது உள்ளே விழுந்ததைக் குனிந்து கண்டார். நேரம் பார்த்தார், எழுதினார். மறுநாட் காலை, முழங்காலைத் திட்டிக்கொண்டே, வெறுஞ்சுவரைப் பார்க்கக் கிளம்பினார்.

ஒன்றும் ஏறாத எண்ணுக்காக நாள்தோறும் ஏறும் அம்மனிதரின் இல்லத்தை இறைவன் காப்பானாக. அவ்வீட்டு அம்மையின் விழியில் உள்ள வெளிச்சம் உள்ளபடியே நிலைக்க. வருந்தி வரும் மகனுக்கு வழி எளிதாகுக. அவ்வேட்டின் பின்பக்கம் வெற்றிடமின்றி நிறைக. எழுதுபவர் காலும், எழுத வைப்பவள் வாயும் நெடுநாள் ஓயாதிருக்க.